உட்காரத் தெரியாத மேனேஜர்

தனசேகர் சார் உள்ளே வந்தார். நான் எழுந்து நின்றேன்.

"நிறுத்துங்க," என்றார் ராமநாதன். "தாஸ், நாடகத்துல நீங்க மேனேஜர். அவர் தொழிலாளி. நீங்க எதுக்குய்யா எழுந்திருக்கிறீங்க?"

உட்கார்ந்தேன். தனசேகர் சார் வெளியே போய் மறுபடி உள்ளே வந்தார். மறுபடி எழுந்தேன். கேன்டீனில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாக்கள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

நாலாவது தடவை எப்படியோ எழாமல் சமாளித்தேன். நாற்காலியின் இரண்டு பக்கத்தையும் கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எழவில்லைதான். ஆனால், "வாங்க சார்" என்று சொல்லிவிட்டேன்.

ராமநாதன் வசனத் தாளைச் சுருட்டித் தன் நெற்றியிலேயே அடித்துக்கொண்டார்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், கட்டடத்துக்குப் போடும் கம்பி உருட்டுகிற ஒரு ஆலையில் நான் கான்ட்ராக்ட் ஆளாக இருந்த காலம் அது. இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. காலை ஷிஃப்ட் இரண்டு மணிக்கு முடியும். இரண்டரைக்கு கேன்டீனில் ஒத்திகை. மேஜைகள் ஈரமாக இருக்கும், சாம்பார் வாசனை சட்டையில் ஏறிக்கொள்ளும், நாலரை ரயிலை விட்டால் அடுத்த ரயிலுக்கு ஒரு மணி நேரம் காயவேண்டும். எனக்கு எப்போதும் ரயில் நினைப்புதான். இல்லாவிட்டாலும் நான் ஓர் இடத்தில் இருக்கிற ஆள் கிடையாது. உட்கார்ந்தால் கால் ஆடும், காலை நிறுத்தினால் விரல் தாளம் போடும். என் மனைவி ஸ்டெல்லா, "உன் பக்கத்துல குந்திகினா கட்டிலே ரயில் மாதிரி போவுது" என்பாள்.

அப்படிப்பட்டவனுக்குத்தான் முழு நாடகமும் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் வேஷம் கொடுத்தார்கள்.

வெள்ளைத் தொப்பி, நீலத் தொப்பி

ஆலையில் வருஷத்துக்கு ஒருமுறை பாதுகாப்பு வாரம் வரும். கொடி ஏற்றுவார்கள், உறுதிமொழி எடுப்போம், கோலப்போட்டி நடக்கும். கடைசி நாள் ஷாமியானா போட்டு, குடும்பத்தோடு எல்லோரையும் உட்காரவைத்து ஒரு நாடகம். அதை எழுதி நடத்தவேண்டியது பாதுகாப்பு அதிகாரி ராமநாதனின் தலையெழுத்து. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷர், எதற்கெடுத்தாலும் பயம்.

அந்த வருஷக் கதை இதுதான். ஒரு தொழிலாளி ஓடுகிற இயந்திரத்தில் கையை விட்டு விரலை இழக்கிறான். மேனேஜர் அவனைக் கூப்பிட்டு, "ஏன் கையை விட்டே?" என்று கேட்கிறார். அவன், "என் அலட்சியம்தான் சார்" என்று அழுகிறான். மேனேஜர் கூட்டத்தைப் பார்த்து நாலு புத்தி சொல்கிறார். முடிந்தது.

தொழிலாளி வேஷத்தை எங்கள் சூப்பர்வைசர் தனசேகர் சார் தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். அவருடைய மாமியார் வீட்டு ஜனம் மொத்தமும் பொன்னேரியிலிருந்து வருகிறது. அழுகிற காட்சி யாருக்கோ, பேர் அவனுக்கு என்று அவருக்குத் தெரியும். கண்ணுக்குக் கீழே தைலம் தடவி அழுவதற்கு வீட்டில் பழகிக்கொண்டு வேறு வந்தார்.

மேனேஜர் வேஷத்துக்கு நிரந்தரத் தொழிலாளிகள் யாரும் ஒப்பவில்லை. நிஜ மேனேஜர் முன்வரிசையில் இருப்பார், அவருக்கு எதிரே அவராக நடிக்கிறவன் கதி என்ன ஆகும்? கான்ட்ராக்ட் ஆட்களில் குரல் உள்ளவன் நான். மாதா கோயிலில் வாசகம் வாசிக்கிறவன். மாட்டினேன்.

எங்கள் ஆலையில் ஆளைப் பார்க்கவேண்டாம், தலையைப் பார்த்தால் போதும். அதிகாரிகளுக்கு வெள்ளை ஹெல்மெட், நிரந்தரத் தொழிலாளிக்கு மஞ்சள், எங்களுக்கு நீலம். நாடகத்துக்காக ராமநாதன் தன் வெள்ளைத் தொப்பியை எனக்குக் கொடுத்தார். உள்ளே தேங்காயெண்ணெய் வாசனை. தனசேகர் சார் என் நீலத் தொப்பியைப் போட்டுக்கொண்டார். "இன்னாடா தாஸு, இதுக்குள்ள அடுப்பு வெச்சிக்கிறியா? இப்டி கொதிக்குது," என்றார்.

தொப்பியை மாற்றிக்கொண்டாலும் என் கால் கேட்கவில்லை. அவர் வந்தால் எழுந்தது.

இதில் அந்தக் காலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. என் நைனா ஊரில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். நிலத்துக்காரரின் புல்லட் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே, சாப்பிட்டுக்கொண்டிருக்கும் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிடுவார். அவர் எழுந்தால் நாங்களும் எழுவோம். புல்லட் எங்கள் தெருவுக்குள் ஒரு நாளும் வந்ததில்லை என்பதுதான் வேடிக்கை. சத்தத்துக்கே எழுந்துகொண்டிருந்தோம். இன்றைக்கும் எங்காவது புல்லட் போனால் என் முட்டி ஒருதரம் துடிக்கும்.

எடுத்துக்கொடுத்தவன்

எழுந்து நிற்பதைக்கூட மன்னித்துவிடலாம். எனக்கு இன்னொரு சீக்கு இருந்தது. "ஏன் கையை விட்டே?" என்ற அந்த ஒரு வசனம் வாயில் வரவே வராது.

மற்றதெல்லாம் வரும். கடைசியில் சொல்லும் நாலு புத்தி மழை மாதிரி கொட்டும். அந்த மூன்று வார்த்தைக்கு மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்போது பக்கத்துத் தூண் மறைவிலிருந்து ஒரு குரல் தாழ்வாக எடுத்துக்கொடுக்கும்.

"ஏன் கையை விட்டனு கேளு."

அது ஏழுமலையின் குரல். வசனத் தாளை இடது கையில் பிடித்திருப்பான். வலது கை சட்டைப்பைக்குள் இருக்கும். அதில் கட்டை விரலும் சுண்டு விரலும்தான் பாக்கி.

அவனும் நானும் ஒரே நாளில் அந்த ஆலையில் சேர்ந்தவர்கள். கவரைப்பேட்டையில் ஒரே பெட்டியில் ஏறுவோம், என் சோற்றில் பாதி அவனுக்கு, அவன் கருவாட்டில் பாதி எனக்கு. சூடான கம்பி உருண்டு போகும் பாதைக்குக் கீழே ஒரு சங்கிலி ஓடும். அதன்மேல் இரும்பு மூடி இருக்கவேண்டும், கவர் என்போம். கம்பி வளைந்து சிக்கினால் கவரைக் கழற்றி எடுத்துவிட்டு, மறுபடி நாலு போல்ட் முடுக்கவேண்டும். ஒரு ஷிஃப்ட்டில் பத்து தடவை சிக்கும். "முடுக்கிகினே இருந்தா எப்போடா கம்பி ஓட்றது? ஓரமா சாத்தி வையி," என்று தனசேகர் சார் சொன்னார். சாத்தி வைத்தோம். ஒரு வாரம் சாத்தியே இருந்தது. எட்டாம் நாள், சிக்கிய துண்டை எடுக்கப்போன ஏழுமலையின் கையுறையைச் சங்கிலி பிடித்துக்கொண்டது. நான் அவனுக்கு இரண்டு அடி தள்ளி நின்றிருந்தேன்.

விசாரணைத் தாளில் 'கவர் பொருத்தப்பட்டிருந்தது, தொழிலாளியின் சொந்த அலட்சியம்' என்று டைப் அடித்து வந்தது. சாட்சிக் கையெழுத்து இரண்டு. ஒன்று தனசேகர் சாருடையது. இன்னொன்று என்னுடையது.

அந்த மாதம் கான்ட்ராக்ட் ஆட்களில் நாலு பேரை நிரந்தரம் ஆக்கப்போவதாகப் பேச்சு. பட்டியலில் என் பெயர் மூன்றாவது. யாரும் என்னை மிரட்டவில்லை, கெஞ்சவில்லை. தாளை நீட்டினார்கள், போட்டேன். அவ்வளவு சுலபமாக இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கே என்னைப் பிடிக்காது.

ஏழுமலையைத் தற்காலிகமாக ஸ்டோர்ஸில் உட்காரவைத்திருந்தார்கள். பாதுகாப்பு வாரம் முடிந்ததும், அந்தத் தாளைக் காட்டி ஊட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ஆலை முழுக்கத் தெரியும். டீக்கடையில் பேப்பரைச் சத்தமாக வாசிக்கிறவன் என்பதால் ராமநாதன் அவனை எடுத்துக்கொடுக்கும் வேலைக்குப் போட்டார். ராமநாதன் ஆலைக்குப் புதிது. யார் கையெழுத்து எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

நான்தான் ரயிலில் பெட்டியை மாற்றிக்கொண்டிருந்தேன். அவன் முன்பெட்டி, நான் பின்பெட்டி. உட்கார இடமிருந்தாலும் கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டே இருப்பேன்.

குழாயடியில்

ஒரு நாள் ஒத்திகை முடிந்து கைகழுவுகிற குழாயடிக்குப் போனேன். ஏழுமலை அங்கே இருந்தான். திரும்பி வேறு குழாய்க்குப் போகப் பார்த்தேன்.

"அங்க தண்ணி வராது," என்றான்.

நின்றேன்.

"அந்த ஒரு வசனம் மட்டும் ஏன்டா உனக்கு வரமாட்டேங்குது?"

"தெர்ல."

"எனக்குத் தெரியும்." இடது கையில் சோப்பைத் தேய்த்துக்கொண்டே சொன்னான். "தாஸு, நீ குந்திகினு கேளு. நின்னுகினு கேக்காத. நின்னுகினு கேட்டா நீ கேக்குற மாதிரியே கீது. குந்திகினு கேட்டா மேனேஜர் கேக்குற மாதிரி இருக்கும். அத நான் தாங்கிப்பேன்."

துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். குழாயை மூடக்கூடத் தோன்றாமல் நின்றுகொண்டிருந்தேன்.

அன்றைக்கு நாலரை ரயிலை விட்டுவிட்டேன்.

மேனேஜருக்கு என்ன வேணும்?

மறுநாளிலிருந்து நிஜ மேனேஜரைத் திருட்டுத்தனமாகக் கவனிக்க ஆரம்பித்தேன். தண்ணீர் கேன் வைக்கிற சாக்கில் ஆபீஸ் பக்கம் போவேன். ஃபைல் கொண்டுபோகிறவனிடம், "குடு நைனா, நான் குட்த்துடுறேன்" என்று வாங்கிப் போவேன்.

அந்த மனுஷர் கத்தவே மாட்டார். நாங்கள்தான் நாடகத்தில் அவரைக் கத்தவிட்டிருந்தோம். யாராவது உள்ளே வந்தால் நிமிர்ந்து பார்க்கமாட்டார், படித்துக்கொண்டிருக்கும் வரியை முடித்துவிட்டுத்தான் பார்ப்பார். மூக்கைத் தொடமாட்டார், காலை ஆட்டமாட்டார். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வித்தை வைத்திருந்தார். ஒரு கேள்வி கேட்பார், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார். எதிரே நிற்பவன் பதில் சொல்லி முடித்த பிறகும் வாயைத் திறக்கமாட்டார். அந்த மௌனம் தாங்காமல், கேட்காததையும் சேர்த்து உளறிவிட்டு வெளியே வருவார்கள். நானே ஒருதரம், தண்ணீர் கேன் ஏன் லேட் என்று அவர் கேட்டதற்கு, போன மாதம் லீவு போட்டது வரைக்கும் சொல்லிவிட்டு வந்தேன்.

ராமநாதனிடம் கேட்டேன். "சார், இந்த சீன்ல மேனேஜருக்கு இன்னா வேணும்?"

"என்ன வேணும்னா? அவருக்குக் கோவம்யா. கோவமா பேசுங்க."

"கோவம் இல்ல சார். அவருக்கு ஏதோ வேணும். அதுக்குத்தானே கூப்ட்டு கேக்குறாரு."

ராமநாதன் யோசித்துவிட்டு, "எனக்கு இன்னும் ரங்கோலிக்குப் பரிசு வாங்கற வேலை இருக்கு" என்று போய்விட்டார்.

விடை எனக்கு ரயிலில், கதவோரம் நிற்கும்போது கிடைத்தது. அந்த மேனேஜருக்கு ஒரே ஒரு வார்த்தை வேண்டும். 'என் தப்பு' என்று அந்தத் தொழிலாளி தன் வாயால் சொல்லவேண்டும். சொல்லிவிட்டால் ஃபைலை மூடிவிட்டு வீட்டுக்குப் போகலாம். அதற்குமேல் அவருக்கு ஒன்றும் வேண்டாம்.

அந்த ஆசையை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தேன். கையெழுத்துப் போட்ட அன்றைக்கு எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. ஏழுமலை தப்பு செய்தான் என்று ஒரு தாள் சொல்லிவிட்டால், நான் ஊட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடலாம். மேனேஜர் வேஷத்தை வெளியே போய்த் தேடியிருக்கவே வேண்டாம்.

வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஸ்டெல்லாவைத் தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வரச்சொன்னேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் இரண்டாம் தடவை வரும்போது, "இன்னும் ஒருவாட்டி வரச்சொன்னே, குடத்த தலைல கவுத்துடுவேன்" என்றாள். ஆனால் உட்காரப் பழகிவிட்டேன். காலும் ஆடவில்லை.

ஷாமியானா

கடைசி நாள். காலை பதினோரு மணி வெயில். முன்வரிசையில் மேனேஜர், அவர் பக்கத்தில் பூங்கொத்து. பின்னால் மஞ்சள் தொப்பிகள், அதற்கும் பின்னால் குடும்பங்கள், கடைசியில் நின்றபடி நீலத் தொப்பிகள். தனசேகர் சாரின் மாமியார் இரண்டாம் வரிசையிலேயே இடம் பிடித்திருந்தார்.

தனசேகர் சார் உள்ளே வந்தார். கையில் சிவப்பு மை ஊற்றிய கட்டு. தைலம் அதிகமாகிக் கண் மிளகாய்ப்பழமாக இருந்தது. நான் எழவில்லை. கையில் இருந்த தாளில் ஒரு வரியை முழுதாகப் படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தேன்.

"ஏன் கையை விட்டே?"

எடுத்துக்கொடுக்காமலே வந்துவிட்டது. மெதுவாகத்தான் கேட்டேன்.

"என் அலட்சியம்தான் சார்," என்று அவர் ஓவென்று அழுதார். மாமியார் முந்தானையை எடுத்துக்கொண்டார்.

அடுத்து நான் கூட்டத்தைப் பார்த்துப் புத்தி சொல்லவேண்டும். சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு அவரையே பார்த்தேன். சத்தியமாகத் திட்டம் போட்டுச் செய்யவில்லை. மேனேஜர் அப்படித்தான் இருப்பார், அதனால் இருந்தேன்.

தனசேகர் சார் அழுகையை நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். நான் வசனத்தை மறந்துவிட்டேன் என்று நினைத்து, மேடையோரத் தூணைப் பார்த்தார். தூண் மறைவில் ஏழுமலை தாளைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனும் எடுத்துக்கொடுக்கவில்லை.

எதிரே வெள்ளைத் தொப்பியும் மௌனமும், அவர் தலையில் என் நீலத் தொப்பி. பாவம், அவர் தாங்கவில்லை.

"கவர் கழட்டி வெச்சிருந்தது சார்," என்றார். "டைம் ஆவுதுன்னு…"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. வாய் திறந்தபடியே நின்றது.

"யார் பாத்தது?" என்று கேட்டேன்.

அப்படி ஒரு வசனம் தாளில் கிடையாது. பதில் சொல்லவேண்டிய ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

எழுந்து நின்றேன். யாரும் உள்ளே வரவில்லை, ஆனாலும் எழுந்தேன். வெள்ளைத் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, முன்வரிசையைப் பார்த்துச் சொன்னேன்.

"நான் பாத்தேன் சார். கவர் இல்ல. கழட்டி ஒரு வாரம் ஆச்சி."

பின்னாலிருந்து நீலத் தொப்பிகள் கை தட்ட ஆரம்பித்தன. மஞ்சள் தொப்பிகள் தட்டின. குடும்பங்கள் தட்டின. தனசேகர் சாரின் மாமியார் எழுந்தே தட்டினார். மேனேஜர் தானும் இரண்டு தட்டு தட்டிவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். ராமநாதன் ஓடிவந்து மைக்கைப் பிடித்து, மேனேஜரே சாட்சியாக மாறியது புதுமையான முடிவு என்று அறிவித்தார்.

எங்கள் நாடகத்துக்குச் சிறப்புப் பரிசு. ஆளுக்கொரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். என் கையில் கொடுக்கும்போது மேனேஜர், "வெரி நேச்சுரல் ஆக்டிங்" என்றார்.

அதே பெட்டி

அன்றைக்கு நாலரை ரயிலில் முன்பெட்டியில் ஏறினேன். ஏழுமலை ஜன்னலோரம் இருந்தான். நகர்ந்து இடம் விட்டான். டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அது என் கால் ஆட்டத்தில் கடகடவென்று சத்தம் போட்டது.

சிக்னல் கிடைக்காமல் வண்டியை நடுவழியில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அப்போது பேசினான்.

"சொல்லிட்டோம்னு நெனச்சிகினியா?"

"சொன்னேனே."

"நாடகத்துல சொன்னது தாள்ல ஏறாது தாஸு."

"தெரியும்."

"திங்கக்கெழம என்னைக் கூப்ட்டுக்கிறாங்க. கணக்கு முடிக்கிறாங்களாம்."

டிபன் பாக்ஸை இறுக்கிப் பிடித்தேன். சத்தம் நின்றது.

வீட்டுக்குப் போய் ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குக் கையெழுத்து விஷயம் அதுவரை தெரியாது. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். நிரந்தரம் ஆனதும் வாங்கலாம் என்று இரண்டு வருஷமாக ஒரு தையல் மிஷினைக் கடையில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவள் அவள். கடைசியில், "அந்த அண்ணன் நம்ம ஊட்ல எத்தினிவாட்டி துன்னுக்கீறாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், மறைத்து வைக்க எனக்குப் பொறுமை இல்லை. ஏழுமலை அதே ஸ்டோர்ஸில் போன வருஷம்வரை வேலையில் இருந்தான். நிரந்தரப் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்துவிட்டார்கள். அடுத்த மாதம் என் கேட் பாஸைப் புதுப்பிக்கவில்லை, வேலை போயிற்று. இப்போது பெரியபாளையம் ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். நாள் பூராவும் உட்கார்ந்தே இருக்கிற வேலை, நம்பமாட்டீர்கள்.

ஆனால் திங்கட்கிழமை காலை இதெல்லாம் எனக்குத் தெரியாது. மேனேஜர் அறைக்குள் ஏழுமலையோடு சேர்ந்து போனேன். என் நீலத் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கியிருந்தேன். மேனேஜர் படித்துக்கொண்டிருந்த வரியை முடித்துவிட்டு நிமிர்ந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"அவரைத்தானே கூப்பிட்டேன். நீ எதுக்கு வந்தே?" என்றார். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முட்டி துடித்தது. ரயிலிலும் குழாயடியிலும் நூறு தடவை சொல்லிப் பார்த்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. தண்ணீர் கேன் மாற்ற வந்தேன் என்று சொல்லிவிட்டு ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

பக்கத்திலிருந்து, தூண் மறைவில் கேட்ட அதே தாழ்ந்த குரலில், ஏழுமலை எடுத்துக்கொடுத்தான்.

"நான் பாத்தேன்னு சொல்லு."

சொன்னேன்.